யூகே யூனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸ் யூனியன் நமக்கு என்ன செய்யும்? (அவசரம், ஆறு நாள்தான் இருக்கு)

பொள்ளாச்சி_இளநீர்
திங்கள், இரவு 11:42

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன். கை நடுங்குது, பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

இங்கிலாந்துல எம்.எஸ்சி. பண்றேன், ஒரு வருசப் படிப்பு. எந்த ஊரு, எந்த யூனிவர்சிட்டின்னு சொல்லலைங்க. இன்னைக்கு மத்தியானம் ஒரு மெயில். போன மாசம் குடுத்த அசைன்மெண்ட்ல 'அகடமிக் மிஸ்காண்டக்ட்' சந்தேகமாம், அதாவது படிப்புல முறைகேடு. காப்பியடிச்சிருக்கான்னு பார்க்கற டர்னிட்டின் சாஃப்ட்வேர்ல சில பத்தி மாட்டியிருக்கு, ஏஐ வச்சு எழுதின மாதிரியும் தெரியுதாம். அடுத்த திங்கக்கிழமை விசாரணைக் குழு (பேனல்) முன்னாடி உட்காரணும். மெயிலோட அடியில சின்னதா ஒரு வரி: ஸ்டூடண்ட்ஸ் யூனியன் அட்வைஸ் சென்டரைப் பார்க்கலாம், கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு.

யூனியன்னா எனக்குத் தெரிஞ்சது கொடி, ஊர்வலம், பஸ் மறியல். நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல அதுவும் கிடையாது. கிளாஸ் ரெப்னு ஒருத்தன் இருந்தான். அவனை நியமிச்சதே ஹெச்.ஓ.டி.தான், அட்டெண்டன்ஸ் நோட்டைத் தூக்கிட்டுப் போறதுதான் அவன் வேலை. இங்க யூனியன் பில்டிங்ல நான் பார்த்தது ஒரு பார், ஒரு கடை, வந்த புதுசுல இலவச பீட்சா. அவங்க போய் எனக்கு என்ன செய்வாங்க?

மூணே கேள்விங்க. காசு கேப்பாங்களா? அங்க போனது தெரிஞ்சா டிபார்ட்மெண்ட்ல இன்னும் கடுப்பாவாங்களா? விசாவுக்கு ஏதாச்சும் ஆகுமா? வீட்டுல சொல்லலை. அப்பா தோப்பை அடமானம் வச்சு அனுப்பியிருக்காரு.


கடுப்பு_காபி
திங்கள், இரவு 11:58

ப்ரோ, அங்க போய் நேரத்தை வீணாக்காதீங்க. மூணு வருசம் இங்க டிகிரி படிச்சேன். யூனியன் செஞ்சதுன்னு ஞாபகம் இருக்கறது ரெண்டு. காலேஜ் பேர் போட்ட ஹூடியை அநியாய விலைக்கு வித்தாங்க. எலக்‌ஷன் வந்தா அட்டையில வாளும் கிரீடமும் செஞ்சு மாட்டிக்கிட்டு லைப்ரரி வாசல்ல வழிமறிச்சு ஓட்டுக் கேட்டாங்க. அவ்வளவுதான்.

யூனியனுக்குக் காசு குடுக்கறதே யூனிவர்சிட்டி. படியளக்கறவனை எதிர்த்து எவன் வாயைத் திறப்பான்? நல்ல வக்கீலாப் பாருங்க.


மார்கழிப்பனி
செவ்வாய், காலை 6:20

தம்பி, முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. வந்திருக்கறது சந்தேகம்னு ஒரு மெயில், தீர்ப்பு இல்ல.

நான் ஒரு யூனியன் அட்வைஸ் சென்டர்ல நாலு வருசம் வேலை பார்த்தவ. இப்ப வேற வேலை, அதனால மறைக்காமச் சொல்றேன்.

காசு கிடையாது. யூனிவர்சிட்டியில சேர்ந்த அன்னைக்கே நீங்க யூனியன் மெம்பர். வேண்டாம்னா விலகிக்கலாம், விலகினதுக்காக உங்களை ஓரங்கட்டக் கூடாதுன்னு 1994 கல்விச் சட்டத்துல இருக்கு. விலகறவங்களை நான் பார்த்ததே இல்ல, ஏன்னா தான் மெம்பர்னே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

டிபார்ட்மெண்ட்டுக்குத் தெரியவராது. யூனியன் யூனிவர்சிட்டியோட ஒரு ஆபீஸ் இல்ல. தனி அமைப்பு, தனி டிரஸ்டிங்க, இங்கிலாந்துல பெரும்பாலும் தனியாப் பதிவான அறக்கட்டளை. நீங்க அங்க சொல்றது உங்க சம்மதம் இல்லாம வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து மாதிரி விஷயம்னா மட்டும்தான் விதிவிலக்கு, அதை முதல் நிமிஷமே சொல்லிடுவாங்க.

பாரும் பீட்சாவும் கீழ. நீங்க தேட வேண்டியது மாடியில போஸ்டர் ஒட்டின ஒரு கதவை. உள்ள உட்கார்ந்திருக்கறது ஓட்டு வாங்கி ஜெயிச்ச பசங்க இல்ல, சம்பளத்துக்கு வேலை பார்க்கற அட்வைசருங்க. யூனிவர்சிட்டி ரெகுலேஷன்ஸை வரி வரியாப் படிக்கறதுதான் அவங்க பொழப்பு. உங்க பேனல்ல உட்காரப்போற புரொபசர் அதை நேத்து ராத்திரிதான் பிரிச்சிருப்பாரு.

வக்கீலைப் பத்தி: இந்த மாதிரி உள்விசாரணைக்குப் பல யூனிவர்சிட்டியில வக்கீலை விடவே மாட்டாங்க. யூனியன் ஆளைக் கூட்டிட்டு வரலாம்னு உங்க மெயில்லயே எழுதியிருக்கு பாருங்க.

இன்னைக்குக் காலையிலயே மெயில் போடுங்க. சப்ஜெக்ட்ல பேனல் தேதியைப் போட்டுடுங்க, தேதியைப் பார்த்துத்தான் யாரை முன்னாடி கூப்பிடறதுன்னு முடிவு பண்ணுவாங்க. அந்த மெயில், அசைன்மெண்ட் கேள்வித்தாள், டர்னிட்டின் ரிப்போர்ட், உங்க டிராஃப்ட் எல்லாம் எடுத்து வைங்க. கூகுள் டாக்ஸ்ல எழுதியிருந்தா, எப்ப எதை எழுதினீங்கன்னு காட்டற வெர்ஷன் ஹிஸ்டரியைத் தொடாதீங்க, அதான் உங்க பெரிய சாட்சி. கையால எழுதின நோட்ஸ் கசங்கியிருந்தாலும் பரவாயில்ல. ஏஐ ஸ்கோர்னு ஒரு எண் இருந்தாப் பயந்துடாதீங்க. அந்த எண்ணை மட்டும் வச்சு மாணவர் மேல நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு டர்னிட்டினே சொல்லுது.

முக்கியமா, அவங்களைப் பார்க்கற வரைக்கும் டிபார்ட்மெண்ட்டுக்கு எந்தப் பதிலும் எழுதாதீங்க. மன்னிப்புக் கடிதம்கூட வேண்டாம். எங்ககிட்ட வந்தவங்கள்ல நிறையப் பேர் எல்லாம் முடிஞ்சுதான் வந்தாங்க. பயத்துல ராத்திரி ஒரு மணிக்கு "ஐ ஆம் வெரி சாரி சார்"னு மூணு பக்கம் எழுதிட்டு, பேனல் முடிஞ்சு, அப்பீல் தேதியும் தாண்டி. அந்தக் கடிதத்தை வச்சுக்கிட்டு நாங்க என்னத்தைப் பண்ண?


யாழ்_தென்றல்
செவ்வாய், காலை 8:05

மார்கழிப்பனி அக்கா சொன்னது சரி. நான் இலங்கையில ஒரு பல்கலைக்கழகத்தில படிச்சுப்போட்டு இங்க மாஸ்டர்ஸ் செய்ய வந்தனான். எனக்கும் முதல் ஒரு மாதம் இந்தக் குழப்பம் இருந்தது.

எங்கட பக்கம் ஒன்றியம் எண்டா அது மாணவர்தான். 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்திலயே மாணவர் ஒன்றியத்துக்கு இடம் இருக்கு. பீடத்துக்கு ஒரு ஒன்றியம், எல்லாத்துக்கும் மேல பல்கலைக்கழக ஒன்றியம். மகாபொல உதவித்தொகைக் காசு பிந்தினாலோ விடுதியில தண்ணி வராட்டிலோ ஒன்றியத் தலைவர் நேர உபவேந்தரிட்டப் போய்க் கதைப்பார். கதைச்சுச் சரிவராட்டில் வகுப்புப் பகிஷ்கரிப்பு. பலம் அதிகம். ஆனா ஒரு தனிப்பிள்ளைக்குப் பரீட்சைப் பிரச்சினை எண்டால் அவரோட போய் இருந்து கடதாசி எழுதிக்குடுக்க அங்க ஆக்கள் இல்லை. அதோட சீனியர்மாருக்குப் பயந்த முதலாம் வருசப் பிள்ளை அந்தச் சீனியர்மாரே இருக்கிற ஒன்றியத்திட்டப் போய் என்னத்தைச் சொல்லுறது?

இங்க தலைகீழ். ஊர்வலம் குறைவு, கடதாசி கூட. எனக்கு அப்பம்மா செத்த கிழமை ரெண்டு அசைன்மெண்ட் பிந்தினது. இப்பிடித் தவிர்க்கேலாத காரணத்தைச் சொல்ல 'எக்ஸ்டென்யுவேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்' எண்டு ஒரு படிவம் இருக்கெண்டே எனக்குத் தெரியாது. யூனியன் ஆள்தான் சொன்னவ. மரணச் சான்றிதழ் சிங்களத்திலயும் தமிழிலயும் கிடந்தது, மொழிபெயர்ப்பு வரும்வரைக்கும் முதல்ல படிவத்தை அனுப்பு, சான்று பின்னால வரும் எண்டு எழுது எண்டு சொன்னவ. அந்த ஒரு வரியாலதான் எனக்கு அந்த மொடியூல் தப்பினது.


கடுப்பு_காபி
செவ்வாய், காலை 9:31

உங்களுக்கு நல்லது நடந்ததுல சந்தோஷம். என் கதையைக் கேளுங்க. 2023ல ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் லெக்சரர்ஸ் பேப்பர் திருத்தமாட்டோம்னு உட்கார்ந்தாங்க, ஞாபகம் இருக்கா? என் கடைசி வருச மார்க் வரலை. பட்டமளிப்பு மேடையில வெறும் கவரைக் கையில குடுத்தாங்க, உள்ள ஒரு நன்றிக் கடிதம். ஊர்ல இருந்து அம்மா வந்திருந்தாங்க. அந்தக் கவரைப் பிரிச்சுப் பார்த்து "டிகிரி எங்கடா?"ன்னு கேட்டாங்க.

அப்ப யூனியன் என்ன கிழிச்சுது? "நாங்க ஆசிரியர் போராட்டத்தை ஆதரிக்கிறோம்"னு இன்ஸ்டாகிராம்ல ஒரு போஸ்ட். நான் கட்டின ஃபீஸுக்கு யார் பேசறது?


பழைய_பிரதிநிதி
செவ்வாய், பிற்பகல் 1:15

கடுப்பு_காபியின் கோபம் நியாயமானது. அந்த ஆண்டு நான் வேறொரு பல்கலைக்கழகத்தில் யூனியனின் கல்விப் பொறுப்பாளராக இருந்தேன். சபாட்டிகல் ஆபீசர் என்பார்கள். படிப்பை முடித்தோ ஓராண்டு நிறுத்தியோ முழுநேரச் சம்பளத்தில் செய்யும் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி. அதனால் நான் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்தப் போராட்டம் விரிவுரையாளர்களின் தொழிற்சங்கமான யூசியூ நடத்தியது. ஸ்டூடண்ட்ஸ் யூனியன் தொழிற்சங்கமே அல்ல. அதற்கு வேலைநிறுத்த உரிமை இல்லை, பேரம் பேச உற்பத்தி எதுவும் கையில் இல்லை. அதன் பலமெல்லாம் எந்த மேஜையைச் சுற்றி அதற்கு நாற்காலி இருக்கிறதோ அங்கேதான்.

எங்களுக்குள்ளேயே சண்டை. பாதிப்பேர் ஆசிரியர் பக்கம், பாதிப்பேர் மார்க் வராமல் வேலை வாய்ப்பை இழக்கப்போகிற மாணவர் பக்கம். கடைசியில் ஆதரவு அறிக்கை ஒன்றை வெளியிட்டோம். அதை இன்றைக்கு எழுதச் சொன்னால் வேறு மாதிரி எழுதுவேன். ஆனால் அந்த அறிக்கைக்குப் பின்னால் வெளியே தெரியாத வேலையும் நடந்தது. தனித்தனியாகப் புகார் எழுதிக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர்களைச் சேர்த்து ஒரே கூட்டுப் புகாராக்கினோம். வேலை கொடுத்த நிறுவனங்களுக்குக் காட்ட, இதுவரை வந்த மதிப்பெண்களை வைத்து ஒரு கடிதம் தரவேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவையான செனட்டில் கேட்டு வாங்கினோம். மூன்று கூட்டம், இரண்டு மாதம். அதை இன்ஸ்டாகிராமில் போட்டால் யார் லைக் போடுவார்?

படியளக்கிறவன் என்ற கேள்விக்கு வருகிறேன். ஆம், பல்கலைக்கழகம்தான் ஆண்டுதோறும் மானியம் தருகிறது. எங்கள் ஆண்டில் விடுதி வாடகை உயர்வைப் பற்றி நாங்கள் கடுமையாக எழுதப்போனபோது, "மானியப் பேச்சு அடுத்த மாதம்தானே" என்று ஒரு பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். மிரட்டலா, நினைவூட்டலா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதினோம். மானியம் குறையவில்லை. ஆனால் எழுதும்போது என் பேனா இரண்டு இடத்தில் தயங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சட்டம் ஓரளவு காப்பு தருகிறது. 1994 சட்டப்படி முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு கட்டாயம். சம்பளப் பதவியில் ஒருவர் மொத்தம் 2 ஆண்டுக்கு மேல் இருக்கமுடியாது. யூனியன் மீதே மாணவர் புகார் கொடுக்க வழி இருக்கவேண்டும். அந்த 2 ஆண்டுக் கெடு நல்லதும் கெட்டதும். நிரந்தரத் தலைவர்கள் உருவாகமாட்டார்கள். ஆனால் ஒரு பொறுப்பாளர் எந்தக் குழுவில் யார் உண்மையில் முடிவெடுக்கிறார் என்று கற்றுக்கொள்வதற்குள் ஜூன் வந்துவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் பதிவாளர் இருபது வருடமாக அதே நாற்காலியில் இருக்கிறார்.


வெண்ணிலா_ரசிகை
செவ்வாய், பிற்பகல் 2:02

ஒரு சந்தேகம். வாக்குச்சீட்டுல 'ரான்'னு ஒரு வேட்பாளர் எல்லாப் பதவிக்கும் நிக்கறாரே, யாரு அவரு?


பழைய_பிரதிநிதி
செவ்வாய், பிற்பகல் 2:20

:) அவர் மனிதரே இல்லை. 'ரீ-ஓபன் நாமினேஷன்ஸ்' என்பதன் சுருக்கம். நிற்பவர் யாரும் வேண்டாம், மறுபடி வேட்புமனு வாங்குங்கள் என்று பொருள். நம் நோட்டாவுக்கு அண்ணன். நோட்டா ஜெயித்தால் ஒன்றும் ஆகாது, ரான் ஜெயித்தால் உண்மையிலேயே தேர்தலை மறுபடி நடத்தவேண்டும். ஒற்றை வேட்பாளராக நின்ற நண்பர் ஒருவர் ரானிடம் தோற்றார். அந்தச் சோகத்தைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.


புளியோதரை
செவ்வாய், மாலை 5:48

நான் யூனியனுக்கு முதன்முதல்ல போனது வீட்டு விஷயத்துக்கு. வீட்டைக் காலி பண்ணினப்போ ஓனர் 650 பவுண்டு டெபாசிட்டைத் தரமாட்டேன்னுட்டாரு. காரணம் கிச்சன் சுவத்துல மஞ்சள் கறை. கறை இருந்தது உண்மை, சாம்பார் வச்சா தெறிக்காதா? ஆனா 650 பவுண்டுக்கு சுவத்தையே மாத்தலாம்.

அட்வைசர் என்கிட்ட கறையைப் பத்திக் கேக்கவே இல்ல. கம்ப்யூட்டரைத் திருப்பி, டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்களோட வெப்சைட்டுங்கள்ல ஒவ்வொண்ணா என் விலாசத்தைப் போட்டுத் தேடினாங்க. எதுலயும் இல்ல. இங்கிலாந்துல வாங்கின டெபாசிட்டை ஓனர் 30 நாளுக்குள்ள ஏதாவது ஒரு திட்டத்துல பாதுகாக்கணும், செய்யலைன்னா டெபாசிட் போல 1 மடங்குல இருந்து 3 மடங்கு வரைக்கும் கோர்ட் நஷ்டஈடு போடலாம். அதை வச்சு ஒரே ஒரு பக்கக் கடிதம். அரட்டலும் இல்ல கெஞ்சலும் இல்ல. ஒன்பதாவது நாள் முழுப்பணமும் அக்கவுண்ட்ல. கறையைப் பத்தி யாரும் மறுபடி பேசலை.

அடுத்த வருசம் வீடு பிடிக்கறதுக்கு முன்னாடியே அக்ரிமெண்ட்டை அவங்ககிட்ட காட்டினேன். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடற ஒப்பந்தத்துல ஒருத்தன் ஓடிட்டா மத்த மூணு பேரும் அவன் வாடகையையும் கட்டணும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. ஓடறவன் எப்பவும் நம்ம பிரெண்டாத்தான் இருப்பான்.


பொள்ளாச்சி_இளநீர்
புதன், இரவு 10:15

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்தே மெயில் போட்டேன், இன்னைக்கு மூணு மணிக்குக் கூப்பிட்டாங்க. ஒரு மணி நேரம்.

இங்க உண்மையைச் சொல்லிடறேன். முதல் பதிவுல சொல்லலை, வெக்கமா இருந்துச்சு. ரெண்டு பத்தியை நான் எழுதிட்டு, இங்கிலீஷ் சரியில்லைன்னு ஒரு ஏஐ டூல்ல போட்டுத் திருத்தி ஒட்டினேன். அதான் என் நடை மாறின மாதிரி தெரிஞ்சிருக்கு. டர்னிட்டின்ல மாட்டினது வேற. ஒரு கட்டுரையில இருந்து எடுத்த வரிக்கு ரெஃபரன்ஸ் போட்டேன், மேற்கோள் குறி போட மறந்துட்டேன்.

அட்வைசர் எடுத்த உடனே கேட்டது அதான்: "நடந்ததை நடந்தபடி சொல்லு. நான் உனக்காகப் பொய் சொல்லமாட்டேன், நீ பொய் சொல்றதுக்கும் உதவமாட்டேன்." சொல்லிட்டேன். அந்தம்மா முகத்துல ஒரு மாற்றமும் இல்ல. அசைன்மெண்ட் கேள்வித்தாளைத் திருப்பி, ஏஐ பத்தி அதுல என்ன எழுதியிருக்குன்னு காட்டினாங்க. 'மொழித்திருத்தத்துக்குப் பயன்படுத்தினால் குறிப்பிட வேண்டும்'னு இருக்கு. பயன்படுத்தவே கூடாதுன்னு இல்ல. நான் அதைப் படிக்கவே இல்லைங்க.


கடுப்பு_காபி
புதன், இரவு 10:40

ப்ரோ, ஒத்துக்காதீங்க. அவங்ககிட்ட ஆதாரம் இல்ல. நானே எழுதினேன்னு ஒரே பிடியா நில்லுங்க.


மார்கழிப்பனி
புதன், இரவு 11:02

கடுப்பு_காபி, அக்கறையில சொல்றீங்கன்னு புரியுது. ஆனா இது கோர்ட் கேஸ் இல்ல. பெரும்பாலான இடத்துல 'எது நடந்திருக்க அதிக வாய்ப்பு'ன்னுதான் பேனல் பார்க்கும், சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு அவசியமில்ல. வெர்ஷன் ஹிஸ்டரியைக் கேப்பாங்க. ரெண்டு பத்தி மட்டும் ஒரே நொடியில வந்து ஒட்டினது அதுல தெரியும். மறுத்துட்டு மாட்டினா, சின்னத் தப்பு ஏமாத்தற நோக்கமா மாறிடும்.

தம்பி, ஸ்டேட்மெண்ட் யார் எழுதறாங்க?


பொள்ளாச்சி_இளநீர்
வியாழன், காலை 7:10

நானேதானுங்க எழுதணுமாம். அவங்க எழுதித் தரமாட்டாங்களாம், எழுதினதைப் படிச்சுக் குறிச்சுத் தருவாங்களாம். முதல் டிராஃப்ட் நாலு பக்கம் அனுப்பினேன். அப்பாவோட தோப்பு, கடன், நான் ப்ளஸ் டூல எடுத்த மார்க் எல்லாம் எழுதியிருந்தேன். ஒண்ணேகால் பக்கமாத் திரும்பி வந்துச்சு. தோப்பு இருந்த இடத்துல எல்லாம் கோடு. ஓரத்துல ஒரு குறிப்பு, தமிழ்ல சொன்னா: "இது எனக்குப் புரியுது. பேனல் கேக்கப்போறது இதை இல்ல."


யாழ்_தென்றல்
வியாழன், காலை 7:44

அந்தக் கோடு நோகும்தான் தம்பி. நோகட்டும்.


வெண்ணிலா_ரசிகை
வியாழன், காலை 9:20

விசா கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே?


மார்கழிப்பனி
வியாழன், மதியம் 12:30

வேணும்னேதான் தள்ளிப்போட்டேன். இந்த நாட்டுல தகுதி இல்லாதவங்க இமிகிரேஷன் ஆலோசனை சொல்றது சட்டப்படி குற்றம். அதைக் கண்காணிக்கற அமைப்புக்கு 2025 ஜனவரியில இருந்து இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டின்னு பேர். அதனால யூனியன் அட்வைசருங்களே பல இடத்துல விசான்னு வந்தா யூனிவர்சிட்டியோட இன்டர்நேஷனல் ஆபீஸுக்குத்தான் அனுப்புவாங்க. கழட்டி விடறாங்கன்னு நினைக்காதீங்க.

பொதுவாத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். ஒரு மிஸ்காண்டக்ட் மெயில் வந்ததாலயே விசா போகாது. படிப்பே நிறுத்தப்பட்டா அதை யூனிவர்சிட்டி 10 வேலை நாளுக்குள்ள ஹோம் ஆபீஸுக்கு (இங்கத்த உள்துறை) சொல்லணும். பயப்பட வேண்டிய கட்டம் அதுதான், முதல் தடவை ரெண்டு பத்திக்கு அங்க போறது அபூர்வம். இந்தக் கவலையில கூடுதல் ஷிஃப்ட் பார்த்து வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டிடாதீங்க. அதுதான் நிஜமாவே விசாவைக் கடிக்கும்.


பழைய_பிரதிநிதி
வியாழன், மாலை 6:05

இந்த இழையில் எல்லாரும் தனிப்பட்ட உதவியைப் பற்றியே பேசுகிறோம். அது அவசரச் சிகிச்சை. பிரதிநிதித்துவம் என்ற இன்னொரு பாதி இருக்கிறது, அதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

கோர்ஸ் ரெப் என்று ஒவ்வொரு படிப்புக்கும் ஒருவர். பருவத்துக்கு இரண்டு தடவையாவது ஆசிரியர்–மாணவர் குழு கூடும், ரெப் அங்கே உட்காருவார். நான் எம்.எஸ்சி.யில் ரெப்பாக இருந்தபோது மூன்று பாடத்துக்கும் ஒரே வெள்ளிக்கிழமை கெடு. எல்லாரும் வாட்ஸ்அப்பில் புலம்பினார்கள். நான் அந்தப் புலம்பலை எடுத்துக்கொண்டு போகவில்லை. மூன்று கெடுவையும் பகுதிநேர வேலை நேரத்தையும் ஒரே நாட்காட்டியில் வரைந்து, வகுப்பில் இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, குழுவில் வைத்தேன். படிப்புத் தலைவர் உண்மையிலேயே அதிர்ந்தார். மூன்று பாடமும் மூன்று பேர் கையில். ஒருவர் கெடு வைப்பது மற்றவருக்குத் தெரியாது. எங்கள் ஆண்டுக்கு மாற்றமுடியாது, பட்டியல் அச்சாகிவிட்டது என்றார். அடுத்த ஆண்டு வந்தவர்களுக்கு மூன்று வாரமாகப் பிரித்தார்கள்.

அந்தப் பலனை நான் அனுபவிக்கவில்லை. ஓராண்டுப் படிப்பின் சாபம் இது. செப்டம்பரில் வருகிறோம், ஊர் பிடிபடவே கிறிஸ்துமஸ் ஆகிறது, பிப்ரவரி மார்ச்சில் தேர்தல், அப்போது வேலை தேடும் பரபரப்பு, அடுத்த செப்டம்பரில் கிளம்பிவிடுகிறோம். மூன்று ஆண்டு இருக்கும் இங்கத்திய இளங்கலை மாணவனுக்காகவே அமைந்த கடிகாரம். அதை மீறி அண்மை ஆண்டுகளில் பல யூனியன்களில் இந்திய மாணவர்கள் தலைவர்களாக வந்திருக்கிறார்கள். மாணவர் விசாவிலேயே 2 ஆண்டு வரை சபாட்டிகல் பதவி வகிக்க விதி இடம் தருகிறது. ஆனால் மாநிலவாரி வாட்ஸ்அப் குழுவில் ஓட்டுச் சேர்த்து ஜெயித்துவிட்டு, செனட் கூட்டத்துக்கு முன் 200 பக்கக் கோப்பைப் படிக்காமல் போகிறவரையும் பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலி நம்மவர் உட்கார்ந்ததாலேயே நமக்காகப் பேசாது.

நம் ஊரில் மாணவர் தேர்தல்களைப் பற்றி லிங்டோ குழு 2006இல் அறிக்கை தந்து, உச்ச நீதிமன்றமும் ஏற்று, வேட்பாளர் செலவுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு, 75 சதவீத வருகைப்பதிவு என்று விதியெல்லாம் வந்தது. தமிழ்நாட்டில் எத்தனை கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தல் நடக்கிறது? ஓட்டுப்போட்டே பழக்கமில்லாமல் இங்கே வருகிறோம். குழுவில் வாயைத் திறப்பதே திமிர் என்று நினைக்கிறோம்.


கடுப்பு_காபி
வியாழன், மாலை 6:50

இதை ஒத்துக்கறேன். என் மூணு வருசத்துல ரெப் யாருன்னே எனக்குத் தெரியாது. ஒருதடவை "ஏதாச்சும் பிரச்சினை இருந்தா சொல்லுங்க"ன்னு மெயில் வந்துச்சு, ஸ்பேம்னு அழிச்சேன். ஆனா வெறும் கவரை நான் மன்னிக்கப்போறதில்ல.


பழைய_பிரதிநிதி
வியாழன், மாலை 6:58

மன்னிக்க வேண்டாம்.


பொள்ளாச்சி_இளநீர்
செவ்வாய், இரவு 9:30

முடிஞ்சுதுங்க. நேத்து பேனல், இன்னைக்கு முடிவு.

மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அட்வைசர் பக்கத்துல. அவங்க பேசினது மொத்தம் ரெண்டே தடவை. நான் கேள்வி புரியாம முழிச்சப்போ "கேள்வியைக் கொஞ்சம் பிரிச்சுக் கேக்கலாமா?"ன்னாங்க. பேனல்ல ஒருத்தர் கேள்வித்தாள்லயே இல்லாத ஒரு விதியைச் சொன்னப்போ, "அது எந்தப் பக்கத்துல இருக்குன்னு சொல்லமுடியுமா?"ன்னாங்க. ரூம் அமைதியாயிருச்சு. அந்த விதி இந்த வருசக் கேள்வித்தாள்ல இல்லவே இல்லைங்க.

முடிவு: மிஸ்காண்டக்ட் இல்ல, 'புவர் அகடமிக் பிராக்டிஸ்', அதாவது எழுதற முறையில கவனக்குறைவு. அந்த அசைன்மெண்ட்டைத் திரும்ப எழுதணும், எவ்வளவு நல்லா எழுதினாலும் பாஸ் மார்க் 50தான். டிஸ்டிங்ஷன் போச்சு. கொஞ்சம் வலிக்குது.


வெண்ணிலா_ரசிகை
செவ்வாய், இரவு 9:52

அப்பாடா! வெளியில எங்கயோ மேல்முறையீடு பண்ணலாம்னு கேள்விப்பட்டேனே, 50ஐ மாத்தமுடியாதா?


மார்கழிப்பனி
செவ்வாய், இரவு 10:10

முதல்ல யூனிவர்சிட்டிக்குள்ளயே அப்பீல், அதுக்குக் கெடு குறைவு. அதுவும் முடிஞ்சு, உள்நடைமுறை எல்லாம் முடிஞ்சதுன்னு 'கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ்' கடிதம் வந்த பிறகுதான் ஓஐஏ. இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர் புகார்களுக்கான சுயேச்சை அமைப்பு, 2004 உயர்கல்விச் சட்டத்துல வந்தது. மாணவருக்குக் கட்டணம் இல்ல, அந்தக் கடிதத் தேதியில இருந்து 12 மாசம் டைம். நடைமுறை ஒழுங்கா நடந்துதா, முடிவு நியாயமான்னு பார்ப்பாங்க. மார்க் சரியான்னு பார்க்கமாட்டாங்க, அது ஆசிரியரோட கல்விசார் முடிவு. ஸ்காட்லாந்துன்னா வழி வேற, அங்க பொதுச்சேவைப் புகார்களை விசாரிக்கற ஆம்புட்ஸ்மன்.

என்னைக் கேட்டா இந்த முடிவு நியாயம்தான். ஆனா என்னைக் கேக்காதீங்க, உங்க அட்வைசரைக் கேளுங்க.


வடகாற்று
செவ்வாய், இரவு 10:31

ஸ்காட்லாந்துன்னதும் மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கவும். இந்த மாணவர் பிரதிநிதி ஏற்பாட்டின் வேர் எங்கள் பக்கம்தான். எடின்பரோவில் 1884இல் மாணவர் பிரதிநிதிகள் பேரவை தொடங்கி, 1889 சட்டத்தில் அதற்கு அங்கீகாரமும் வாங்கிவிட்டார்கள். லண்டனில் தேசிய மாணவர் சங்கமான என்யூஎஸ் உருவானது 1922இல்தான். பெருமைதான், வேறென்ன.


பொள்ளாச்சி_இளநீர்
செவ்வாய், இரவு 10:55

அப்பீல் போகலைங்க. அட்வைசரும் அதான் சொன்னாங்க, ஆனா முடிவு உன்னோடதுன்னாங்க. அந்த இல்லாத விதி விஷயத்தை மட்டும் எங்க கோர்ஸ் ரெப்புக்கு எழுதி அனுப்பியிருக்கேன், ஏன்னா இதே மெயில் வந்து எங்க வகுப்புல இன்னும் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. ரெப் ஒரு நைஜீரியப் பொண்ணு. உடனே போன் பண்ணி, "இதை நீ முன்னாடியே ஏன் சொல்லலை?"ன்னு திட்டுச்சு.

வீட்டுல இன்னும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு இருக்கேன்.

திரும்பக் குடுக்க வேண்டிய தேதி 14. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டேன். புளியோதரை அக்கா, நீங்க தமிழ் சொசைட்டியில இருக்கீங்கன்னு வேற இழையில பார்த்தேன். எங்க யூனியன்லயும் ஒண்ணு இருக்காம். பொங்கல் விழாவுக்கு வெளியாள் வரலாமா, டிக்கெட் எவ்வளவு?


புளியோதரை
செவ்வாய், இரவு 11:20

வாங்க தம்பி. மெம்பருக்கு 5 பவுண்டு, வெளியாளுக்கு 8. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், பொங்கல் வீட்டுல வச்சு எடுத்துட்டு வந்தது இல்ல. உணவுப் பாதுகாப்புச் சான்று இல்லாம வெளியாளுக்குப் பரிமாறக் கூடாதுன்னு யூனியன் மூணு படிவம் குடுத்துச்சு, அதனால ஹோட்டல்ல ஆர்டர் பண்ணியிருக்கோம். போன வருசம் அதுல முந்திரி எண்ணி நாலு. ரிஸ்க் அசெஸ்மெண்ட்ல 'பானை பொங்கி வழியும்'னு எழுதினதுக்கு அதை எப்படித் தடுப்பீங்கன்னு கேட்டு மெயில் போட்டாங்க, அதுக்கு இன்னும் பதில் எழுதிட்டிருக்கேன்.